கோமளவல்லியின் தண்ணீர்ப் பரிசோதனை

வலது கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டே இடது கண்ணால் வாசல் வரிசையை மேய்த்துக்கொண்டிருப்பாள் கோமளவல்லி. "பச்சை முண்டாசு, முன்னால புகுந்து வராதே. கைக்குழந்தைக்காரிக்கு வழி விடு" என்பாள், தலையை நிமிர்த்தாமலே. திருவள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த அம்மாளுக்கு உச்சந்தலையில் ஒரு கண் இருக்கிறது என்றே நம்பிவிடுவார்கள். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்ப்பவர்கள் எல்லாம் கற்றுக்குட்டிகள் என்பது அவள் கட்சி. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டால்தான் தலைவலி வராதாம்.

அவள் பார்ப்பது என்னவென்று நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மலம். பன்னிரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் தவிர, தினமும் மலம். தீப்பெட்டியில் வரும், பவுடர் டப்பாவில் வரும், மந்தாரை இலைப் பொட்டலமாக வரும். ஒருமுறை பள்ளிப்பட்டிலிருந்து வந்த விவசாயி ஒருவர் ஒரு முழுத் தூக்குச்சட்டியை மேஜைமேல் 'ணங்'கென்று வைத்தார். "இவ்வளவு எதுக்குய்யா? குந்துமணி அளவு போதுமே" என்று கோமளவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டெஸ்ட்டுன்னாங்க. இத்துனூண்டு எடுத்தாந்தா மருவாதியா இருக்குமா?" என்றார். அவருக்கு நாடாப்புழு இருந்தது. மருந்து கொடுத்துச் சரியான பிறகு ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டுவந்தார். அதே தூக்குச்சட்டியில் மோரும் கொண்டுவந்திருந்தார். மோரை மட்டும் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

மனிதர்களின் பெயர் அவளுக்கு நிற்காது. பூச்சியின் பெயர் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் பக்கத்தில் வரும் கணவன் தேவராஜனிடம், "கொக்கிப்புழு, போன தை மாசம்" என்று சொல்லிவைப்பாள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவிடம், "மாப்பிள்ளை தங்கமான பையன். வயத்துல உருண்டைப்புழு இருந்தது, அதுவும் போயிடுத்து" என்று நற்சான்று கொடுத்தாள். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான தேவராஜன் அன்று பந்தியில் பாயசத்தைத் தொடவில்லை.

இவ்வளவு ஊரறிந்த சங்கதி ஒரே ஒருவருக்குத் தெரியாது. அவர் அவளுடைய மாமனார், ஸம்பத்குமாராசாரியார். ஊருக்கே வைதீகம் பண்ணிவைக்கிறவர். ஆசாரத்தில் நெருப்பு. கடையில் வாங்கிய உப்பைக்கூட இரண்டு தரம் ஜலம் விட்டு அலம்பலாமா என்று யோசிக்கிற மனிதர். அப்படிப்பட்டவரிடம் மருமகளை வேலைக்கு அனுப்ப அனுமதி கேட்க வேண்டிய நாளில், தேவராஜனுக்கு நாக்கு குழறிவிட்டது. "ஆஸ்பத்திரியில... தண்ணி டெஸ்ட் பண்ற வேலை அப்பா" என்று சொல்லிவிட்டான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மாதத்தில் ஒருநாள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு புட்டி அவளிடம் வரத்தான் செய்தது. "தீர்த்தம்தானே, பேஷா போகட்டும்" என்று மாமனார் உத்தரவு கொடுத்துவிட்டார்.

அதோடு நின்றாரா? போகிற இடமெல்லாம், "எங்காத்து நாட்டுப்பொண் பார்த்துச் சொன்னாத்தான் இந்த ஊர்க் கிணறு சுத்தம்" என்று பெருமை அடித்துக்கொண்டார். கேட்டவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். தெருவே ஒன்றுசேர்ந்து அந்த ரகசியத்தைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியது. இந்த ஊர் வேறெதிலாவது இத்தனை ஒற்றுமையாக இருந்ததுண்டா என்றால், இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் உலகமெல்லாம் மகளிர் ஆண்டு கொண்டாடியபோது வந்தது வினை. விஞ்ஞானத்திலும் வைத்தியத்திலும் பெயர் வாங்கிய உள்ளூர்ப் பெண்களுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு விழாக்குழு கிளம்பிற்று. செயலாளர், ஜவுளிக்கடை துளசிராமன். மைக் என்றால் உயிரை விடுகிறவர். பிரசவ டாக்டரம்மா ஒருத்தர், மின்சார இலாகாவில் இன்ஜினியராகச் சேர்ந்திருந்த பொன்னேரிப் பெண் ஒருத்தி, மூன்றாவதாகக் கோமளவல்லி. விவரம் எழுதிக்கொள்ள துளசிராமன் லேபுக்கே வந்துவிட்டார்.

"இதுவரிக்கும் எத்தினி டெஸ்ட்டு பாத்துக்கிறீங்க?"

கோமளவல்லி ரிஜிஸ்டரைப் புரட்டினாள். "நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்." சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியில் பயம் வந்தது. "ஆனா எதைப் பார்த்தேன்னு மட்டும் மேடையில சொல்லிடாதீங்கோ. எங்க மாமனாருக்குத் தெரிஞ்சா வேலையை விடச் சொல்லிடுவார்."

"இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? எதைன்னு சொல்லாம, நாப்பதாயிரம் பாத்தாங்கன்னா, ஜனங்க இன்னாத்த பாத்தாங்க, சினிமாவான்னு கேக்க மாட்டானா?" துளசிராமன் பென்சிலைக் கடித்துக்கொண்டு அரைமணி யோசித்தார். கடைசியில், 'கண்ணுக்குத் தெரியாத பகைவரை நாற்பதாயிரம் முறை வென்ற வீராங்கனை' என்று எழுதிக் காட்டினார். அதில் ஒரு குறையும் இல்லை. கோமளவல்லி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

விட்டது தப்பு. விழாவுக்கு மங்களகரமாக வேதம் சொல்லித் தொடங்கிவைக்க துளசிராமன் யாரை அழைத்தார் தெரியுமா? சாட்சாத் ஸம்பத்குமாராசாரியாரை. "நம்மாத்துப் பொண்ணுக்கு மரியாதை பண்றா. நான் போகாம யார் போறது?" என்று அவரும் புதுப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். வேதம் கணீரென்று முடிந்தது. வீராங்கனை, பகைவர், வெற்றி எல்லாம் வரிசையாக ஒலிபெருக்கியில் வந்தன. மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து மீசையில்லாத உதட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது. அத்துடன் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். துளசிராமனுக்குத்தான் மைக்கை விட மனசு வரவில்லையே! "இந்த அம்மாவால குணமானவங்க யார்னா ரெண்டு வார்த்த பேசலாம்" என்றார்.

பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்காரி குப்பம்மாள் விறுவிறுவென்று மேடையேறினாள்.

"எம் பொண்ணு வெளுத்துப் போயி, மண்ணைத் துன்னுகினு கெடந்துச்சு. மூணு டாக்டருங்க பாத்தாங்க, ஒண்ணும் ஆவல. பேய்னாங்க, ஆடு வெட்டினேன். இந்த அம்மாதான், வெளிக்கி போனத தீப்பெட்டில எடுத்தான்னிச்சு. எடுத்தாந்தேன். கண்ணாடில தடவி வெச்சிப் பாத்துட்டு, பேயும் இல்ல பிசாசும் இல்ல, கொக்கிப்புழுன்னிச்சு. இப்ப எம் பொண்ணு இஸ்கோல் போவுது. நாங்க பெத்தவங்களே மூஞ்ச சுளிக்கிறத, நாப்பதாயிரம் பேருதை இது மூஞ்ச சுளிக்காம பாத்துக்குது! முன் வரிசையில ஐயரு ஒருத்தரு தண்ணி டெஸ்ட்டுன்னு சொல்லிகினு இருந்தாரு. தண்ணியாம், தண்ணி! தண்ணிய பாக்க எதுக்கு பொன்னாட?"

மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது. கோமளவல்லியின் கண்கள் கலங்கிவிட்டன. அவளைப் பற்றி இதுவரை யாரும் இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை. ஆனால் முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகி, ஒரு குடை விடுவிடென்று வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் மாமனார் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பன்னெண்டு வருஷமா அந்தக் கையாலயா எனக்குத் தளிகை பண்ணினே?"

"வர்றச்சே சோப்புப் போட்டு நாலு தரம் அலம்பிண்டு, ஸ்நானம் பண்ணிட்டுத்தான் அப்பா உள்ளே..."

"போதும். நாளைக்குக் கார்த்தாலே ராஜினாமா. நானே கூட வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. தேவராஜன் உடனே காகிதம் பேனா எடுத்துப் பத்து நிமிஷத்தில் மணிமணியான எழுத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலைக்கு அப்ளிகேஷன் எழுத உங்களுக்கு மூணு மாசம் ஆச்சு. இதுக்கு மட்டும் கை என்னமா ஓடறது!" என்றாள். கையெழுத்தைப் போட்டாள். அந்த மைக்ராஸ்கோப்பும் அந்த வாசல் வரிசையும் இல்லாமல், காலையில் எழுந்து எதற்காகத் தலை வாரிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை கடிதத்தை மாமனாரே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் வர இன்னும் நேரம் இருந்தது. லேப் வாசலில் வழக்கம்போல வரிசை. "டாக்டர் வர்ற வரைக்கும் இவாளை நிக்க வைக்கறது பாவம் அப்பா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோமளவல்லி உட்கார்ந்துவிட்டாள். அவர் நிலைப்படியைத் தாண்டாமல், எதிலும் மேல் படாமல் நின்றார்.

மூன்றாவதாக நின்றவன் மோசஸ். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கிற தொழிற்சாலையில் கேன்டீன் சமையல்காரன் வேலை கிடைத்திருந்தது. வயிற்றில் நோயில்லை என்று சான்று வாங்கி வந்தால்தான் கரண்டியைத் தொட விடுவார்களாம். கோமளவல்லி பார்த்தாள். கண்ணாடித் துண்டை நகர்த்தி மறுபடியும் பார்த்தாள்.

"சீதபேதிப் பூச்சி. பத்து நாள் மாத்திரை சாப்பிடணும். அப்புறம் வா, திரும்பப் பார்த்துட்டு எழுதித் தரேன்."

"ஐயோ பேஜாரா பூட்ச்சேம்மா! இன்னிக்கே வரச் சொல்லிக்கிறாங்க. முன்னூறு பேருக்கு சோறு வெக்கணும். லேசாத்தான் வயித்த வலிக்குது. கண்டும் காணாம எழுதிக் குடும்மா."

"முடியாது."

நிலைப்படியிலிருந்து குரல் வந்தது. "முன்னூறு பேருக்கா?"

"ஆமாம் அப்பா."

"இவன் கையில என்ன?"

"வயத்துல இருக்கு. சரியா அலம்பாத கை வழியா சாதத்துல போகும். சாப்பிடற முன்னூறு பேருக்கும் போகும்."

ஸம்பத்குமாராசாரியார் மோசஸின் கைகளைப் பார்த்தார். இரண்டும் பளிச்சென்று இருந்தன. நகம்கூட வெட்டியிருந்தான். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே!"

"எனக்குத் தெரியறதே" என்றாள் கோமளவல்லி. பன்னிரண்டு வருஷத்தில் மாமனாரை நிமிர்ந்து பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. எழுந்து முக்காலியைத் தள்ளி வைத்தாள். "நீங்களே பாருங்கோளேன்."

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்குகிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். கோமளவல்லி மைக்ராஸ்கோப்பின் குமிழைக் கால் சுற்றுத் திருப்பினாள். அவர் முதுகு விறைத்தது.

"நகர்றதே!"

"உயிரோட இருக்கு."

"காலும் இல்லாம, கையும் இல்லாம... எங்கே போறது அது?"

"சாதத்துக்குத்தான்."

அவர் நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. வெளியே போய்விட்டார். அதே சமயம் டாக்டரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கடிதத்தைக் கொடுக்கத்தான் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் கோமளவல்லி. அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தாள். பார்க்க முடியவில்லை. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுவாதம்மா, பத்து நாள்தானே, நான் துன்னுடறேன் மாத்திரைய" என்று மோசஸ் சமாதானம் சொன்னான்.

கொல்லைப்புறக் கிணற்றடியிலிருந்து வாளிச் சத்தம் வந்தது. ஒரு வாளி. இரண்டு. மூன்று. நாலு. அப்புறம் வராந்தாவில் சளக் சளக்கென்று ஈரக் காலடி கேட்டது. வரிசை விலகி வழி விட்டது. ஸம்பத்குமாராசாரியார் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட, அவிழ்ந்த குடுமியோடு வந்து நின்றார். இடுப்பில் செருகியிருந்த கடிதம் கூழாகி, தேவராஜனின் மணிமணியான எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து, வேட்டியில் முழங்கால் வரைக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"தள்ளிக்கோ, கோமளம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடியும் கண்ணை வைத்தார்.