இலையில் வைத்த தேங்காய் பன்

மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்தேன். தண்ணீரே இல்லை என்று சொன்ன பாறைக் காட்டில் ஐந்தாவது போர்வெல்லில் தண்ணீர் எடுத்தேன். மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். ஒருத்தரும் ஒரு செங்கல் தூக்கிக் கொடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான்.

என் மனைவி இறந்து பதினாறாம் நாள் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததை வாழையிலையில் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று பெரிய மகள் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. களியும் கீரையும் என்றேன். முப்பத்தெட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தானே தின்றாள்.

களியை உருட்டி இலையில் வைக்கும்போது, மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற அம்மாள் வந்து நின்றாள். என் மனைவியோடு இருபது வருடம் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தவள்.

"என்னங்க, களிய வெக்கிறீங்க? அக்காவுக்கு அது தொண்டையில எறங்காதுங்களே. உங்களுக்குப் புடிக்குதேன்னு தின்னுச்சு."

"பின்ன என்னதான் புடிக்கும்?"

"பஸ் ஸ்டாண்டு பேக்கரி தேங்கா பன்னுங்க. நீங்க லாரிகிட்டப் போனதும் முந்தானையில இருந்து எடுக்கும். தின்னுக்கிட்டே உங்களாட்டம் நடந்து காட்டும் பாருங்க, நாங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடப்போம்."

"எப்பிடி நடப்பா?"

அவள் கையைப் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி நாலடி நடந்தாள். "ஏம்மா, பழம் பொறுக்க வந்தியா, பழமை பேச வந்தியா?" என்றாள். வேலை நேரத்தில் அரட்டை அடிப்பவர்களை நான் அதட்டுகிற அதே குரல். இழவு வீட்டில் மகள்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. என் தலைக்குள் எப்போதும் மழை, லாரி, மண்டி என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு மட்டும்தான் அப்படி என்று இருந்துவிட்டேன். பேசாமல் களி தின்றவள் தலைக்குள் நானே கை கட்டி நடந்துகொண்டிருந்திருக்கிறேன். இன்னும் யார் யார் நடந்தார்களோ. கேட்க ஆள் இல்லை.

களியை எடுத்துவிடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இரண்டு பன் வாங்கி வந்து இலையில் வைத்தேன்.

இப்போது மகள்கள் வருகிறவர்களிடமெல்லாம், "அந்தக்கா சொல்லலீன்னா எங்கம்மா அன்னிக்கும் களிதான் தின்னிருக்கும்" என்கிறார்கள். சரி, சொன்னது அவள்தான். ஆனால் அந்த வெயிலில் நடந்து போய் வாங்கி வந்தது யார்? அப்பாதான் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.