கூரையைப் பார்த்த கண்ணாடி

இல்லவே இல்லை. நாய்க்காகப் புருசனை விட்டுட்டுப் போனவள் என்று பவளத்தைச் சொல்கிறவள் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போடணும். சரோஜா, உன் வாயிலுந்தான். குழாயடியில் நின்றுகொண்டு, "முனி அடிச்சிருச்சு லா, பைத்தியம் முத்திப்போச்சு" என்று நீ சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. பவளம் பைத்தியமும் இல்லை, ஓடுகாலியும் இல்லை. ரிங்லெட்டுக்கு மேலே இந்தத் தேயிலை மலையில் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவள். அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் நிரை முடிக்காமல் கரையேற மாட்டாள். நடந்ததை முழுசாய்க் கேளுங்க, அப்புறம் பேசுங்க.

அவள் புருசன் முருகையா தோட்டத்து லாரி டிரைவர். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பயந்தவன், அவ்வளவுதான். தோட்டத்துக் கணக்கு எழுதின பழைய கிராணி வேறு தோட்டத்துக்கு மாறிப்போனபோது அவருடைய மோரிஸ் காரை வாங்கி, தானே அந்தக் காடியைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்தான். எழுபத்தெட்டாம் வருசம், பள்ளிக்கூட லீவு. மூணு நாள் லூமுட் கடலுக்குப் போய்வருவோம் என்றான். நம்ம லயத்து வரிசை வீடுகளில் அதுவரைக்கும் கடல் பார்க்கவென்று காடி எடுத்துப் போனவர்கள் யாரும் இல்லை.

பவளம் ஒரே பேச்சாய்ச் சொல்லிவிட்டாள். "செம்பி வந்தாத்தான் நான் வருவேன்."

"காடியில நாயா? ஊரே சிரிக்கும், புள்ள."

"சிரிக்கட்டும். மலையில பன்னி வர்றப்ப ஊரா வந்து குலைக்குது?"

செம்பி அவள் கூடைப் பக்கத்திலேயே வளர்ந்த பெட்டை. அவள் நிரை மாறினால் அதுவும் நிரை மாறிப் படுக்கும்.

பின் சீட்டில் சாக்கு விரித்தார்கள். பவளம், பதினோரு வயசு மகள் திலகம், ஜன்னலோரம் செம்பி. மலையிறங்குகிற தாப்பா ரோடுதான் குடலைப் பிடுங்குமே. பத்தாவது வளைவில் திலகம் வாந்தியெடுத்தாள், அடுத்த வளைவில் செம்பி. "அம்மா, செம்பியும் என்னய மாதிரியே!" என்று அந்த மயக்கத்திலும் பிள்ளைக்குச் சிரிப்பு.

பாதி மலையில், அருவிச் சத்தம் கேட்கிற வளைவில், ஒரு முனி கோயில். நாலு தகரம், ஒரு சூலம். நம்ம ஆட்கள் வண்டி அங்கே நிற்காமல் இறங்காது. முருகையா தேங்காய் உடைத்து, சுருட்டு பற்றவைத்துவிட்டுத் திரும்பினால், செம்பி சூலத்தடியில் போய்ப் படுத்திருக்கிறது. கூப்பிட்டால் காது அசைகிறது, உடம்பு அசையவில்லை.

பூசாரி வந்து பார்த்தார். "தானா வந்து படுத்துருச்சு. இது முனிக்குப் போனது. தூக்காதீங்க."

"வாந்தி எடுத்த மயக்கம் சாமி, வேற ஒண்ணுமில்ல," என்றாள் பவளம்.

"எடுத்துட்டுப் போனீங்கன்னா, பதிலுக்கு வேற ஒண்ணக் கேக்கும்."

சொல்லும்போது அவர் கண் திலகத்தின் மேல் இருந்தது. முருகையா அதைப் பார்த்துவிட்டான். பவளத்தின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காடிக்குள் உட்காரவைத்தான். "வர்றப்ப பாத்துக்கலாம், ஏறு."

லூமுட்டில் அவள் கடலில் கால் நனைக்கவில்லை. மணலில் திரிந்த ஊர் நாய்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டாம் நாள் திலகத்துக்குக் காய்ச்சல் கண்டது. மூணாம் நாள் திரும்பும்போது, பிள்ளை தலையை மடியில் வைத்து ஈரத்துணி போட்டபடி வந்தவள், வழியெல்லாம் குனிந்த தலை நிமிரவில்லை.

கோயிலில் இறங்கினால் சூலத்தடி வெறுமையாய்க் கிடந்தது. "நீங்க போன கொஞ்ச நேரத்துலயே எந்திரிச்சிருச்சு. காடி போன பக்கமே ஓடுச்சு, நான் கூப்பிட்டும் நிக்கல," என்றார் பூசாரி.

கீழே போய்த் தேடணும் என்றாள். "புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது," என்றான். ஏறிக்கொண்டாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது. மற்றது இறங்கவில்லை. பனி மூடின காலையில் காடிக் கதவைத் திறந்தால் நனைந்த நாய் வாடை. முருகையா மஞ்சத்தண்ணி தெளித்தான், சோப்புப் போட்டுத் தேய்த்தான், போகவில்லை. கோயிலுக்குக் கீழே போனால் பின்கதவில், கீழிருந்து, நகத்தால் கீறுகிற சத்தம். "அம்மா, பின்னால யாரோ மூச்சு வாங்குறாங்க," என்று ஒருநாள் சொன்ன திலகம், அதுக்கப்புறம் அந்தக் காடியில் ஏறவேயில்லை. முருகையா, ஓட்டுகிறவன் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கமாய்த் திருப்பி வைத்துவிட்டான்.

"என்னா முருகையா, கூரையில போலீஸ் தொரத்துதா?" என்று கேலி பண்ணினார்கள்.

"பின்னால பாக்க என்னா இருக்கு லா?" என்பான்.

பயந்த மனுசன் என்று பவளமும் விட்டுவிட்டாள். விடிந்ததும் அடுப்படிப் படியில் ஒரு பிடி சோறு வைப்பாள். சில நாள் கோழி தின்னும். சில நாள் கோழியைத் திறந்துவிடும் முன்னாலேயே சோறு இருக்காது. எட்டு வருசம் இப்படியே போனது.

திலகத்தைக் கம்போங் ராஜாவில் கட்டிக்கொடுத்த பிறகு, இனிமேல் காடி எதுக்கு என்று விற்கப் பேசினார்கள். திரிங்காப்பிலிருந்து ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரர் காலையில் வந்தார். ஏறி உட்கார்ந்தவர், எவரும் செய்கிற மாதிரி, கண்ணாடியைச் சரிபண்ணக் கையை நீட்டினார். முருகையா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த மனுசர் மிரண்டு, காடியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று போய்விட்டார்.

தேத்தண்ணியோடு வாசலில் நின்ற பவளம் கேட்டாள். "அந்தக் கண்ணாடியில என்னா இருக்கு?"

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "லூமுட்லருந்து வர்றப்ப பாத்தேன், புள்ள. தாப்பா தாண்டி, மலை ஏறுற எடத்துல நின்னுச்சு. காடிய அடையாளம் கண்டுக்கிச்சு. பின்னாலயே ஓடி வந்துச்சு. ஒரு கால் நொண்டி. நாலு வளைவு பாத்துக்கிட்டே ஓட்டுனேன். அஞ்சாவது வளைவுல காணோம்."

"நிறுத்தல."

"திலகத்துக்குக் கொதிச்சுச்சே... முனிக்குப் போனத ஏத்துனா புள்ளைய எடுத்துக்கும்னு..."

"முனி வச்சிருந்தா அது எந்திரிச்சு வந்திருக்குமா? சாமி அன்னிக்கே அனுப்பிருச்சு. நீங்கதான் ஏத்தல."

தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ரப்பர் பூட்ஸை மாட்டினாள். தலைத்துண்டைக் கட்டினாள். தூக்குச்சட்டியில் சோறு போட்டாள். அவன் காடிச் சாவியோடு பின்னாலேயே வந்தான்.

"எட்டு வருசமாச்சு. செத்திருக்கும், புள்ள."

"எனக்குத் தெரியாதா? செத்துத்தான் கதவக் கீறுது. அந்த அஞ்சாவது வளைவுல நின்னு அத ஒருத்தராவது பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"காடியிலயே போலாமே."

"அது ஓடி வந்துச்சு. நான் நடந்து போறேன்."

"எப்ப வருவ?"

"செம்பி வந்தாத்தான் நான் வருவேன்."

எட்டு வருசத்துக்கு முன்னால் சொன்ன அதே சொல். இதுக்குப் பேர் புருசனை விட்டுப்போறதா, சரோஜா?

வாசல் தாண்டி, லயத்துச் சரிவில் இறங்கி, ரோட்டு முனையில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் காடிக்குள் உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கி, கூரையைப் பார்த்திருந்த கண்ணாடியை மெதுவாய்க் கீழே திருப்பிக்கொண்டிருந்தான்.

அவள் நிற்கவில்லை. தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு வளைவில் இறங்கினாள்.