அவர் நெஞ்சைக் கேட்டவர்கள்

என் கணவருக்கு நெஞ்சில் கோளாறு என்பது எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரைத் தினமும் பன்னிரண்டு டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேனே.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைவதற்கு, முந்தைய வருஷம் அது. அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நான் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் அவருக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டதாம். அது நாற்பது வயதில்தான் தெரிந்தது. பஸ் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, ஒரு நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அது படிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆஸ்பத்திரி. காலேஜை முடித்த புது டாக்டர்களும், தோட்டங்களில் மருந்து கொடுக்கப் போகும் டிரெசர்களும் அங்கேதான் வேலை பழகுவார்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வெள்ளை உடுப்பும் கழுத்தில் குழாயும் இருந்தால் டாக்டர், அவ்வளவுதான்.

நோயாளியைப் பார்க்க விடும் நேரத்துக்குக் கஞ்சியும் கையுமாகப் போய் நிற்பேன். அநேகமாக அவர் கட்டிலைச் சுற்றி ஒரு கும்பல் இருக்கும். ஒவ்வொருவராகக் குனிந்து, குழாயை அவர் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் அதில் உண்டு. அவருக்கோ ஒரே குஷி. பஸ்ஸில் கத்திய அதே தொண்டையில், மூச்சு இழுக்க இழுக்க, "மாசுக், மாசுக்! உள்ள வாங்க, எல்லாருக்கும் எடம் இருக்கு!" என்பார். கும்பல் சிரிக்கும். எனக்கும் பெருமை தாங்காது. இத்தனை பேர் பார்த்தால் நோய் எங்கே நிற்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாளிடம் சொன்னேன். தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழ் வம்சம், எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர், பேச்சு மட்டும் மலாய். "டுவா பெலாஸ் டொக்டர்?" என்று கண்ணை விரித்தார். பன்னிரண்டேதான் என்றேன்.

ஒரு நாள் சீக்கிரமே போய்விட்டேன். கும்பல் இல்லை. சட்டையில்லாமல் படுத்திருந்தார். நெஞ்சின் இடப்பக்கம் நீலப் பென்சிலால் இதயத்தின் எல்லையை வரைந்து, பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தும் போட்டிருந்தார்கள். அழிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். முந்தானையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தபடியே யாரடா பொறுப்பு என்று கத்தினேன். கண்ணாடி போட்ட தமிழ் டிரெசர் ஒருவர், முப்பது வயதிருக்கும், ஓடி வந்தார்.

"என்ன எழவுங்க இது? எத்தன நாள் பாத்துக்கிட்டே இருப்பீங்க? எப்ப கொணமாகும்?"

டிரெசர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "வால்வு சுருங்கிப்போச்சுக்கா. ஆபரேசனுக்கு இவரு ஒடம்பு தாங்காதுன்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. மூச்சு லேசாகுறதுக்கு ஊசி போடுறோம், குழாயில காத்து வைக்கிறோம். அவ்வளவுதான் முடியும்."

"அப்ப எதுக்கு இத்தன பேரு வந்து கேக்குறீங்க?"

"நாங்க படிக்கிறவங்கக்கா. இந்தச் சத்தம் இவ்வளவு தெளிவா கெடைக்கிறது அபூர்வம். அண்ணன் சரின்னாரு."

அபூர்வம் என்ற அந்தச் சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன்.

"ஒனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றார் சாவகாசமாக. "எனக்கு வந்த மூணாம் நாளே சொல்லிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பன்னெண்டு டாக்டருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு சந்தோசமா இருந்தியே. அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

அழுதிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "கெளம்புங்க. உங்க நெஞ்சு என்ன இவங்களுக்குக் கரும்பலகையா?"

"இருக்கட்டும்லா. தொரைமாருங்க எல்லாம் கப்பல் ஏறப் போறாங்க. அப்புறம் தோட்டத்து சனங்கள இவங்கதானே பாக்கணும்? என்கிட்ட படிச்சிட்டுப் போறாங்க. பஸ்ஸுக்கும் லாயக்கில்லாம போனவன், இதுக்காவது ஆகுறேனே."

நான் கேட்கவில்லை. சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் மறுக்கவில்லை. பதினோரு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் எதையும் மறுத்துப் பழகியதில்லை அந்த மனுஷன். திரிஷா வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாளே அந்த டிரெசர் சைக்கிளில் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. "அண்ணனத் திருப்பிக் கூட்டியாந்திருங்கக்கா. படிக்கிறதுக்கு இல்ல. யாரும் தொட மாட்டாங்க. காத்து வச்சா கொஞ்சம் நிம்மதியா இருப்பாரு."

"உங்க பாடத்துக்கு வேற ஆளப் பாருங்க" என்று கதவைச் சாத்தினேன். இத்தனை வருஷமாகியும் அந்தக் கதவை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. இவ்வளவு மூச்சுத் திணறியிருக்க மாட்டார்.

அந்தக் கும்பலில் இருந்தவர்கள் பிறகு ஜாசின் பக்கமும் தம்பின் பக்கமும் தோட்டங்களுக்குப் போனார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத தொழிலாளர் லயங்களில் அவர்கள்தான் டாக்டர். எத்தனை பிள்ளைகளின் நெஞ்சில் அந்தச் சத்தத்தை நேரத்தோடு கண்டுபிடித்தார்களோ, எனக்குத் தெரியாது. நாலைந்து பேரையாவது கண்டுபிடித்திருப்பார்கள். இதை இன்று எழுதுகிறேன். அன்று யாராவது சொல்ல வந்திருந்தால் கத்தரிக்கோலைத் தூக்கியிருப்பேன்.

வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டியது. நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டேயிருந்தேன். மிதிப்பதை நிறுத்தினால் அவர் மூச்சுச் சத்தம் கேட்கும், அதற்காகவே மிதித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார். "இந்தா, நீ ஒரு தடவ காத வச்சுக் கேளேன். ஊர்ல உள்ளவங்க எல்லாம் கேட்டுட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி. ரொம்ப அபூர்வமாம்." சிரித்தார்.

"எனக்கு வேற சோலி இல்லையா?" என்றேன். துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோலி என்ன பெரிய சோலி. பயம். காதை வைத்தால் எல்லாம் நிஜமாகிவிடும் என்ற பயம். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் ஊசியில் நூல் கோக்க மெஷினை நிறுத்தினேன். வீட்டில் சத்தமே இல்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நூலைக் கோத்தேன். அப்புறம்தான் தூங்கும்போதும் அவருக்கு இழுக்குமே என்று உறைத்தது. எழுந்து ஓடினேன்.

"ஏங்க" என்றேன். "ஏங்க, கஞ்சி வேணுமா?"

தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நாற்காலி முன்னால் மண்டிபோட்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, முதல் தடவையாக என் காதை அவர் நெஞ்சில் வைத்தேன். எந்த இடம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன், கீழே இறக்கி வைத்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

என் குரல் கேட்டுச் சிட்டி அம்மாள் உள்ளே வந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"டியாம்!" என்று கத்தினேன். "வாய மூடுங்க! எனக்குக் கேக்கல!"

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு அமைதியானது. நான் காதை இன்னும் அழுத்தி வைத்தேன்.