பேச்சியம்மா மிச்சம் வைக்காத குளிசைகள்

மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையில் ஒரு வீட்டுக் குளிசை ஊருக்கே குளிசை. யுத்த காலம், பாதை இன்று திறக்கும், நாளை மூடும்; மருந்து கிடைப்பதே அருமை. காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசை மாத்திரைகளைத் துணியில் முடிந்து அடுத்த நோயாளிக்கென்று வைத்துவிடுவார்கள். அந்த நல்ல பழக்கம்தான், பாருங்கள், பேச்சியம்மாவைக் கொல்லப் பார்த்தது!

மலையகத்திலிருந்து வந்து குடியேறி, நாள் கூலிக்கு வயல் வேலை செய்தவள் அவள். வயிற்று வலி ஆளை உருக்குலைத்தது. கணவன் அழகையா பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகளெல்லாம் ஏறி இறங்கி, கொழும்புக்குக் கூட்டிப்போனான். தொண்டை வழியே குழாய் விட்டு, சதை எடுத்துப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். அழகையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“அழாதேங்கோ,” என்றார் டொக்டர் கதிர்காமு. “வயித்துக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. அதாலதான் இந்த வகைப் புற்றுநோய் வந்தது. இது ஆரம்பம். கிருமி செத்தால் கட்டியும் பெரும்பாலும் கரைஞ்சுபோகும். பதினாலு நாள் குளிசை. ஒண்டையும் விடக்கூடாது.”

புற்றுநோய்க்கு வெறும் குளிசையா! நம்பிக்கையில்லாமலே விழுங்கினாள். ஆறாம் நாள் வலி பறந்துவிட்டது. ஏழாம் நாள் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியின் மகளுக்குக் காய்ச்சல். மிச்சமெல்லாம் அங்கே போயிற்று.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பில் மறுபடி பார்த்தால் கிருமியும் இருந்தது, கட்டியும் இருந்தது. உண்மையைச் சொன்னாள். டொக்டருக்கு வந்ததே கோபம்!

“அரைவாசியில விட்டால் கிருமி சாகாது, பலக்கும். வேற மருந்து தாறன். இது உங்கட வயித்துக்கு மட்டும்தான், அம்மா.”

இந்த மருந்து வாயெல்லாம் தகரமாய்க் கசந்தது. குமட்டக் குமட்ட விழுங்கினாள். ஐந்தாம் நாள் பரமேஸ்வரியே வந்தாள்.

“எனக்குக் காய்ச்சல், அக்கா. நாலு குளிசை தாங்கோ.”

பேச்சியம்மாவின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அப்படியே நின்றது. அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாத சொல்லை அவள் சொன்னாள்.

“தரமாட்டேன்டி. இது என் உசிரு. வா, மன்னார் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“தர மனமில்லையெண்டு சொல்லுங்கோ!” பரமேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் காய்ச்சல் தானாக விட்டது. பேச்சியம்மாவோடு பேச்சு மட்டும் நின்றுபோனது. பேச்சியம்மா அழுதுகொண்டே பதினாலு நாளும் விழுங்கி முடித்தாள்.

மாதங்கள் போயின. மறுபடி கொழும்பு, மறுபடி குழாய். டொக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“கிருமியும் இல்லை, கட்டியும் இல்லை. வருசா வருசம் வந்து காட்டுங்கோ, அது போதும்.”

ஊருக்கு வந்தவள் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே பரமேஸ்வரி வீட்டுக்குப் போய், வெறும் குளிசை அட்டைகளை அவள் மடியில் கொட்டினாள்.

“பாருடி! ஒன்னுகூட மிச்சம் வைக்கல. அதான் பொழச்சுட்டேன்!”

பரமேஸ்வரி ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள். “நல்ல காலம் எனக்குத் தரேல்லை, அக்கா,” என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.