தீப்பயிற்சிக்கு நான் வைத்த பெரட்டு

ரஹாங்கில் சொந்த வீடு, செண்டாயானில் கடை, பட்டம் வாங்கிய பிள்ளைகள். எல்லாம் நாலாம் வகுப்போடு நின்ற இந்த ரப்பர்த் தோட்டத்துக்காரன் உண்டாக்கியது. பல்கலைக்கழகத்தின் தீப்பயிற்சியை உருப்படியாக்கியதும் நான்தான்.

அங்கே காவலாளிகளுக்கு நான் தலைவன். அபாய மணி அடித்தாலும் விரிவுரையாளர்கள் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். தீப்பாதுகாப்பைச் சோதிக்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் குறை எழுதுவார்கள். ஒருமுறை, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு போலவே, எல்லாரையும் திடலில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். வராதவர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னேன்.

“என்னண்ணே, எங்களப் பால்மரம் சீவவா அனுப்பப் போறீங்க?” என்றார் ஒரு பேராசிரியர்.

“உங்களுக்குச் சீவ வராது டாக்டர். வரிசையில நின்னா போதும்லா,” என்றேன்.

நின்றார். அந்த ஆண்டு ஒரு குறையும் இல்லை. அதற்காகப் பதிவாளர் மேடையேறிக் கேடயம் வாங்கினார். அதில் ‘நிர்வாகக் குழு’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். என் பெயரும் அதில் ஏறியே ஆகவேண்டும்.