நீல மீனுக்கு அம்மை போடவில்லை

திருடிக்கொண்டு போனாள் என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். இருசம்மாள் அடுத்த வீட்டுக் குண்டூசியைக்கூடத் தொடாதவள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, பட்டப்பகலில், முன்வாசல் வழியாகத்தான் அந்த மூன்று மீன்களையும் எடுத்துப் போனாள். மாரியாத்தாவை அவமதித்துவிட்டாள் என்று குழாயடியில் கதை கட்டும் கொளஞ்சியம்மாள் அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு நாளாவது கால் வைத்திருக்கிறாளா? மூன்று மீனும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் இருசம்மாள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தியாகதுருகத்துப் பக்கம் அவளுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. களை எடுத்து, நாற்று நட்டு, கரும்பு வெட்டி முதுகு ஓய்ந்த பிறகு, கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கும் சிவசங்கர் வீட்டில் பாத்திரம் துலக்கச் சேர்ந்தாள். அங்கே கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் மீன்கள்: வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. சென்னையிலிருந்து வந்து தொட்டியைப் பொருத்திய சரத்குமார், மூட்டையில் வரும் உப்பை எப்படிக் கரைப்பது, மணலை எப்படி அலசுவது என்றெல்லாம் காட்டிவிட்டுப் போனான். உப்புத் தண்ணீர் கையைப் புண்ணாக்குகிறது என்று மற்ற வேலைக்காரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். இருசம்மாள் ஒதுங்கவில்லை. மூன்று வருடம் அந்தத் தொட்டி அவள் கையில்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் நீல மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பியது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். வாலிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளிகள். உடனே சரத்குமாருக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மாவு தூவுன மாதிரி இருக்கா, ரவை ஒட்டுன மாதிரி இருக்கா? மாவுன்னா அது வேற சீக்கு.”

“ரவைதான் தம்பி. எண்ணலாம். வாலுல மட்டும் பதினொண்ணு.”

“வெண்புள்ளி. அது பூச்சிக்கா. மீன் உடம்ப தின்னும்.”

இதற்குள் சிவசங்கரின் அம்மா குஞ்சம்மாள் கண்ணாடிக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டார்.

“முத்து முத்தா போட்டிருக்கு பாருடி. ஆத்தா எறங்கியிருக்கா.”

“அம்மா, ஆத்தாவுக்கு இந்த ஊர்ல மனுசனுக்கா பஞ்சம், கடல்லேர்ந்து வந்த மீன் மேல எறங்க?”

“வாய கழுவுடி. கருவாடு தின்ன வாயோட இங்க வந்து பேசற.”

அவ்வளவுதான். அந்த வீட்டில் அம்மைக்கு உண்டான முறையெல்லாம் தொடங்கியது. தொட்டிக்கு வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். சமையலில் தாளிப்பு நின்றது. மருந்து என்ற பேச்சே கூடாது. வேப்பிலைக் கொத்தை உள்ளேயே போட்டார் குஞ்சம்மாள். அவர் தூங்கும் நேரம் பார்த்து இருசம்மாள் அதை அள்ளி வெளியே போடுவாள். தினமும் காலையில் வந்ததும் புள்ளிகளை எண்ணினாள். பதினொன்று முப்பதானது. ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை.

குஞ்சம்மாளுக்கு மனம் நிறைந்துவிட்டது. மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சொம்பு தொட்டியில் ஊற்றி, தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்றார். தெருவுக்கே கூழ் ஊற்றினார்.

கூழைக் குடித்துக்கொண்டே இருசம்மாள் சிவசங்கரிடம் போனாள். “தம்பி, இது போவலீங்க. ஆட்டு மேல உண்ணி வவுறு நெறைய குடிச்சிட்டு கீழ வுழுந்துட்டா, ஆடு சுத்தமாத்தான் தெரியும். அப்புறம் கொட்டாய்ல பாத்தீங்கன்னா பத்துக்கு நூறா நிக்கும். இப்ப எல்லாம் மணலுக்குள்ள பெருகிக்கினு இருக்கு.”

“புள்ளியே இல்லியே, இன்னாத்த செய்யச் சொல்ற?” என்று அவர் ஆலைக்குக் கிளம்பிவிட்டார்.

பத்தாம் நாள் புள்ளி திரும்பி வந்தது. இந்த முறை எண்ண முடியவில்லை. நான்கு மீனும் ரவையில் புரட்டி எடுத்த மாதிரி ஆகி, வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் மஞ்சள் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. இருசம்மாளின் கருவாட்டால்தான் ஆத்தாவுக்குக் கோபம் என்றார் குஞ்சம்மாள். இருசம்மாள் காதில் வாங்கவில்லை. மற்ற மூன்றும் சாகக்கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

செம்பு மருந்து ஒன்று உண்டு, ஆனால் துளி கூடினாலும் மீன் செத்துவிடும், தினமும் அளந்து பார்க்க வேண்டும் என்றான் சரத்குமார். அவளுக்கு எழுத்தும் எண்ணும் வாசிக்க வராது. “வேற வழி சொல்லு. ஒடம்பால செய்யறதா சொல்லு.”

அப்படி ஒன்றும் இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு முறை மீனைப் புதுத் தண்ணீருள்ள வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நான்கு மாற்று. உடம்பிலிருந்து விழும் பூச்சி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும்; அதைக் கழுவி வெயிலில் காயப்போட்டால் செத்துப்போகும்.

“ஆட்டுப் பட்டிய மாத்துற மாதிரி. அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்றாள்.

அம்மை கண்டதை இடம் மாற்றக்கூடாது என்று குஞ்சம்மாள் குறுக்கே நின்றார். மஞ்சள் மீன் செத்ததில் கலங்கிப்போயிருந்த சிவசங்கர் மட்டும், “பின்னாடி மோட்டார் கொட்டாய்ல வெச்சிக்கோ. அம்மா கண்ணுல படாத” என்றார்.

இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு காற்றுக்குழாய். முதல் பஸ்ஸில் வந்து உப்புக் கரைப்பாள். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே சூடாக வரும்வரை இரண்டிலும் மாறி மாறிக் கைவிட்டுப் பார்ப்பாள். துளைக் கிண்ணத்தால் மீனை ஏந்தி, பழைய நீர் ஒரு சொட்டும் கூட வராமல் வடித்துப் புதியதில் விடுவாள். காய்ச்சல் கண்ட நாளிலும் வந்தாள். மூன்றாம் மாற்றில் நீல மீன் அவள் விரலருகில் வந்து தீனி கேட்டது. நான்காம் மாற்று முடிந்தபோது மூன்றின் உடம்பும் பளபளவென்றிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அவள் இன்றும் அங்கேதான் வேலை பார்த்திருப்பாள். ஆனால் சிவசங்கரின் தங்கை ரம்யாவைப் பெண் பார்க்கச் சின்னசேலத்திலிருந்து மறுநாள் வருவதாகச் சேதி வந்தது.

“கூடத்துல வெறுந்தொட்டி நின்னா நல்லாவா இருக்கும்? மீன கொண்டாந்து வுடு” என்றார் குஞ்சம்மாள்.

“மணல்ல இன்னும் பூச்சி இருக்கும்மா. தின்ன மீனு இல்லாம ரெண்டரை மாசம் கெடந்தாத்தான் அது சாவும்.”

“ஒரே ஒரு நாளைக்கு வுட்டு எடுத்துக்கலாமே” என்று இழுத்தார் சிவசங்கர்.

“அதுக்கு ஒரு நாளே ஜாஸ்திங்க தம்பி.”

“எம்மூட்ல எனுக்கு சட்டம் சொல்றியா? ஒண்ணு மீனு உள்ள போவணும், இல்ல நீ வெளிய போவணும்” என்றார் குஞ்சம்மாள்.

இருசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் போறேம்மா. தம்பி, இதுங்கள ரெண்டரை மாசம் எங்கிட்ட வுடுங்க. செத்தா என் மேல பழி. இந்தத் தொட்டியில மட்டும் எங்கையால போட மாட்டேன்.”

சிவசங்கர் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அரை மூட்டை உப்பையும் பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயையும் தன் கையாலேயே கொண்டுவந்தார். “எடுத்துக்கினு போ. தீனி தீந்தா போன் பண்ணு.”

“தூக்கிக் குடுடா, வூட்டையும் சேத்துக் குடு” என்று குஞ்சம்மாள் கத்தினார். சிவசங்கர் திரும்பவில்லை. உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்று மீனையும் விட்ட வாளியை இரண்டு கையாலும் அணைத்து, தண்ணீர் தளும்பாமல், வாசற்படியை ஒவ்வொன்றாக இறங்கினாள் இருசம்மாள். தெருவில் நின்ற ஷேர் ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்.

“இன்னாக்கா, மீன் வியாபாரமா?”

“கொழம்புக்கு ஆவாது. வண்டிய குலுக்காம ஓட்டு” என்று ஏறி உட்கார்ந்தாள்.