டாக்டர் ஹுங் கேட்ட உத்தரவு

ஒருத்தியின் கண்ணைக் குணமாக்கி, அந்தக் கண்ணைக் கெடுத்த வேலைக்கே அவளைத் திருப்பி அனுப்புவதற்கு வைத்தியம் என்று பெயர் சொல்லலாமா? டாக்டர் ஹுங் ஜுங்-யீ இதை யாரிடமும் கேட்டதில்லை. பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இருப்பதாக அவர் நினைக்கவும் இல்லை. ஆனாலும் முப்பது வருஷமாக அவர் கிளினிக்கின் கதவு இந்தக் கேள்விக்குத்தான் தினமும் திறந்தது.

யுன்லின் மாவட்டக் கடலோரத்தில் இருந்த அந்த ஊர் சிப்பியால் பிழைத்தது. ஆண்கள் கொத்துக் கொத்தாக அறுத்து வருவார்கள். பெண்கள் கொட்டகையில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, கத்தியால் ஓட்டைப் பிளந்து சதையை எடுப்பார்கள். ஓடு தெறிக்கும். கண்ணில் விழுந்த சில்லோடு யாரும் உடனே டாக்டரிடம் வரமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் இமையை விரித்து நாக்கு நுனியால் நக்கி எடுத்துவிடுவாள். கை அழுக்கு, நாக்கு சுத்தம் என்பது அவர்கள் நம்பிக்கை. சில்லு வந்துவிடும். நாலைந்து நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் கிளம்பும். அப்போதுதான் ஹுங்கின் ஞாபகம் வரும்.

அவரை மகா வைத்தியர் என்று சொல்ல முடியாது. கை நிதானமாக இருக்கும், அவ்வளவுதான். பெரிய அறுவை எல்லாவற்றையும் நகரத்துக்கு அனுப்பிவிடுவார். அதிகம் பேசமாட்டார், கோபம் வந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண் பார்ப்பார். கல்யாணம், சாவு எதற்கும் போகாமல் இருந்ததில்லை. தெருவில் பந்தல் போட்டு விருந்து நடக்கும்போது, மீன் சூப்பு வாயருகே போகிற நேரம் பார்த்து யாராவது இமையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பார்ப்பார். ஒரு வருஷம் தன் செலவில் கொட்டகைகளுக்கெல்லாம் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அது கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது. பிறகு பிள்ளைகள் எடுத்துப்போய் வாய்க்காலில் முங்கி விளையாடினார்கள்.

கண் பார்க்கும் கருவியில் குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலித்தது. மகள் தாய்ச்சுங் நகரத்தில் இருந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் வாரத்துக்குச் சில மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று ஏற்பாடாகியிருந்தது. கடலம்மன் பிறந்தநாள் திருவிழா முடிந்ததும் கிளம்புவதாக முடிவு. மனைவி பாவ்ஜூ பாத்திரங்களைக் கூடப் பெட்டியில் கட்டிவிட்டாள். ஹுங் போனால் அடுத்த கண் டாக்டருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகவேண்டும்.

அந்த வாரம்தான் ஆ-குவேய் வந்தாள். கொட்டகையிலேயே வேகமான கை அவளுடையது. அதே வலது கண், மூன்றாவது தடவை. கண்ணாடி எங்கே என்று கேட்டார்.

"அதுல ஆவி புடிச்சுக்குது டாக்டரே. ஓடும் தெரியல, கையும் தெரியல. கண்ணு போறதுக்கு முன்னாடி வெரலு போயிரும்."

"யாரு நக்கி எடுத்தது?"

"பக்கத்து முக்காலி ஆ-ஜின்தான். அவ நாக்கு ராசியான நாக்கு."

ஹுங் கருவியில் குனிந்து பார்த்தார். புண் பாவையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. இந்தத் தடவை ஆறாவிட்டால் பார்வை போய்விடும், தினமும் காலையில் வந்து காட்ட வேண்டும், கொட்டகைப் பக்கம் போகக்கூடாது என்றார். தலையாட்டினாள். மறுநாள் காலை அவள் சட்டைக் கையில் சிப்பி வாடை அடித்தது. அவர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து விட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை, கடலம்மன் பிறந்தநாளில், கோயிலில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் படித்து, அம்மன் முன்னால் பிறைவடிவக் கட்டை இரண்டைப் போடுவார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் அம்மனுக்குச் சம்மதம். யாருக்குத் தொடர்ந்து அதிகம் சம்மதம் விழுகிறதோ அவர் வீட்டுக்குத் தூபக்கலசம் போகும். அந்த வருஷம் முழுக்க அதில் இருவேளையும் ஊதுபத்தி ஏற்ற வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகக்கூடாது. ஊரைவிட்டுக் கிளம்புகிற ஹுங் தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கவேண்டும் என்று ஊரில் வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை. பெயரைப் படித்தார்கள். அவருக்கே சம்மதம் விழுந்துகொண்டே இருந்தது. கோயில் தலைவர் சுய்-லாய் தாளத்தோடும் பட்டாசோடும் சேதி சொல்ல வாசலில் வந்து நின்றார்.

பாவ்ஜூ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்கள் போன பிறகுதான் பேசினாள். "பேரை எடுத்துருங்கன்னு சொல்ல வாய் வரலையா? முப்பது வருசமா ஊருக் கண்ணையே பாத்தீங்க. ஒரு நாளாச்சும் என் மூஞ்சியப் பாருங்க."

மறந்துவிட்டது என்றார் ஹுங். அது உண்மைதான். முழு உண்மையா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

சுய்-லாய் நல்ல மனுஷன். விஷயம் தெரிந்ததும் அவரே வழி சொன்னார். "அம்மாகிட்டயே உத்தரவு கேளுங்க டாக்டரே. தொடர்ந்து மூணு வாட்டி சம்மதம் விழுந்துட்டா நீங்க பாட்டுக்குக் கெளம்பலாம். அடுத்த ஆளு கையை நீட்டாத குறையா காத்துக்கிட்டு இருக்கான்." அடுத்த ஆள் ஐஸ் ஃபாக்டரிக்காரர். கலசத்துக்காகப் பல வருஷமாக ஏங்கிக்கொண்டிருப்பவர். ஹுங் போனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மறுநாள் காலை கோயிலில் சின்னக் கூட்டம். பாவ்ஜூ வெளியூருக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தாள். ஆ-குவேய் கொட்டகையிலிருந்து நேராக ரப்பர் பூட்ஸோடு, ஒரு கண்ணில் கட்டோடு தூண் பக்கம் நின்றாள்.

"சத்தமாக் கேளுங்க டாக்டரே," என்றாள். "அம்மாவுக்கு வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாயிருச்சு."

நாலு பேர் சிரித்தார்கள். ஹுங் மண்டியிட்டுப் பெயர், வீடு, பிறந்த நாள் சொல்லி, தாய்ச்சுங் போக விடை கேட்டார். கட்டையைப் போட்டார். சம்மதம். மறுபடி போட்டார். மறுபடியும் சம்மதம். பாவ்ஜூ கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்தாள்.

அவர் கட்டைகளைப் பொறுக்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவற்றைப் பீடத்தில் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே," என்றார் சுய்-லாய்.

தெரியும் என்பதுபோல ஹுங் தலையசைத்தார். பீடத்தில் இருந்த தூபக்கலசத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

மூன்றாவதை ஏன் போடவில்லை என்று பாவ்ஜூ வழியெல்லாம் கேட்டாள். அதன் பிறகு பல வருஷம் கேட்டாள். "தேத்தண்ணி ஆறுது, குடி," என்பார் ஹுங்.